பீர் விளையாட்டில் முதலிடம் யாருக்கு?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். டிரெசர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஓடிவிட்டாலும், பழைய முகங்களைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. பால்மரம் வெட்டியே கை காய்த்துப்போன பெரியவர் ஒருவரோடு லயத்து வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வீட்டுக்குள்ளிருந்து ஒரே கூச்சல்.

"டிரெசர் தாத்தா! நான்தான் ஃபர்ஸ்ட்டு! அறுபத்து மூணு!"

பெரியவரின் பேரன். பதினோரு வயது. கையில் அப்பாவின் கைப்பேசி. பரீட்சையில் முதலாவதாக வந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து, "சபாஷ்டா!" என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன். பிறகுதான் அவன் திரையைக் காட்டினான். அது ஒரு பீர் விளையாட்டு.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சின்ன விளையாட்டுதான். ஒரு மேசை, அதன் மேல் நுரை பொங்கும் பீர்க் குவளைகள் வழுக்கிக்கொண்டு வருகின்றன. ஒன்றும் கீழே விழாமல் பிடிக்க வேண்டும். ஒரு குவளைக்கு ஒரு மார்க். வேகம் கூடிக்கொண்டே போகும். ஒன்று விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பையன் 63 குவளை பிடித்திருக்கிறான். பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் எல்லாரையும் முந்திவிட்டானாம். "நீங்க ஒரு வாட்டி ஆடிப் பாருங்க தாத்தா" என்று என் கையில் திணித்தான்.

உண்மையை மறைப்பானேன்? நானும் ஆடினேன். முதல் தடவை 4. பிறகு 9. பிறகு 14. தேத்தண்ணி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று அரை மணி நேரம் போய்விட்டது. எனக்கே இப்படி என்றால் பிள்ளைகளை என்ன சொல்வது?

நாங்கள் இருவரும் ஆடியதைப் பெரியவர் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"எங்க காலத்துலேயும் இந்த மார்க்கு இருந்துச்சு டிரெசரய்யா. கள்ளுக்கடை சுவத்துல கரிக்கோடு போடுவாங்க. ஒரு மங்குக்கு ஒரு கோடு. எங்கப்பாவுக்குத்தான் எப்பவும் கோடு கூட. சம்பளத்தன்னைக்கு அந்தக் கோட்டை எண்ணித்தான் காசைப் புடிப்பாங்க. அங்க கோடு ஏற ஏற, எங்க வூட்டு அரிசிப் பானை எறங்கிக்கிட்டே போச்சு."

தோழர்களே, இரண்டும் ஒரே கணக்குதானா? சிந்தித்துப் பாருங்கள்.

சுவரில் போட்ட கோடு

வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டங்களில் கள்ளுக்கடை என்பது கோயிலைப்போல, பள்ளிக்கூடத்தைப்போல ஒரு நிரந்தர இடமாக இருந்தது. பல தோட்டங்களில் நிர்வாகமே உரிமம் வாங்கிக் கடையை நடத்தியது. உழைத்து வாங்கிய கூலி, மாலையில் அதே தோட்டத்துக் கடைக்கே திரும்பிப் போயிற்று.

இது அநியாயம் என்பதை முதலில் உணர்ந்தவர்கள் தொழிலாளர்களேதான். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஆர். எச். நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். போராட்டத்தை அடக்கப் பட்டாளத்தை இறக்கினார்கள், துப்பாக்கிச் சூடும் நடந்தது. அன்று தொழிலாளர்கள் கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். அதோடு கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பிறகு 1947 வாக்கில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாசலில் நின்று மறியல் செய்தார்கள். போலீசாரின் அடியையும் வாங்கினார்கள்.

குடியைப் பற்றிச் சங்கத்து ஏட்டில் ஏன் எழுத வேண்டும், அது அவனவன் சொந்த விஷயம்தானே என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த 1941-ஆம் ஆண்டுதான். மானமும் கூலியும் கள்ளுக்கடையும் ஒரே மனுவில் எழுதப்பட்டிருந்தன. நம் பாட்டன்மார் அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை.

விளையாட்டுக்குள் பீர் எப்படி வந்தது?

பீர் விளையாட்டு இன்றைக்கு நேற்று வந்ததல்ல. 1983-ல் அமெரிக்காவில் 'டேப்பர்' என்று ஒரு விளையாட்டு வந்தது. காசு போட்டு ஆடும் பெட்டி. மதுக்கடைக்காரனாக நின்று, மேசைமேல் பீர்க் குவளைகளைத் தள்ளிவிட வேண்டும். வாடிக்கையாளர்கள் பொறுமையிழந்து நம் பக்கம் நெருங்கி வருவதற்குள் அவர்கள் கையில் குவளை போய்ச் சேர வேண்டும். காலிக் குவளை திரும்பி வரும்போது அதையும் பிடிக்க வேண்டும். பெட்டியில் பட்வைசர் என்ற பீர் கம்பெனியின் சின்னம். ஆட்டுவிக்கும் கைப்பிடிகூட பீர்க் குழாயின் பிடியைப்போலவே செய்யப்பட்டிருந்தது.

அந்தப் பெட்டிகள் பிள்ளைகள் கூடும் இடங்களுக்கும் போயின. சிறுவர்களுக்குச் சாராய விளம்பரமா என்ற பேச்சு எழுந்தது. உடனே செய்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1984-ல் பீரை எடுத்துவிட்டு 'ரூட் பீர்' என்று மாற்றி இன்னொரு பெட்டியை இறக்கினார்கள். ரூட் பீர் என்பது பெயரில்தான் பீர். ஏ அண்ட் டபிள்யூ கடையில் நம் பிள்ளைகள் ஐஸ்கிரீம் மிதக்க வாங்கிக் குடிக்கிறார்களே, அந்த இனிப்புத் தண்ணிதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பீரை எடுத்த பிறகும் விளையாட்டு அதேதான். அதே ஓட்டம், அதே பதற்றம், அதே மார்க். சுவை கொஞ்சமும் குறையவில்லை. அப்படியானால் அந்த விளையாட்டின் இன்பம் பீரில் இருந்ததா? இல்லவே இல்லை! கையின் வேகத்தில் இருந்தது. கூட்டாளியை முந்துவதில் இருந்தது. பீர் அங்கே ஓசியில் ஒட்டிக்கொண்டு வந்த சாமான்.

சில கம்பெனிகள் இதைத் தெரிந்தே செய்தன. 1990-களின் கடைசியில் ஜெர்மனியில் ஒரு பறவை சுடும் கணினி விளையாட்டு பிரபலமானது. 90 விநாடிக்குள் எத்தனை பறவையைச் சுடுகிறோம் என்பதுதான் போட்டி. ஆபீஸ் ஆபீஸாக அதையே ஆடினார்கள். அது ஜானி வாக்கர் விஸ்கிக்கு விளம்பரமாகச் செய்யப்பட்ட விளையாட்டு. நம் நாட்டில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மது விளம்பரத்துக்கு இடமில்லை. வாசல் கதவை அடைத்துவிட்டோம். ஆனால் கைப்பேசி என்கிற ஜன்னல் ராப்பகலாகத் திறந்து கிடக்கிறதே!

நான் எல்லா பீர் விளையாட்டும் கம்பெனிக்காரன் சூழ்ச்சி என்று சொல்ல வரவில்லை. பல விளையாட்டுகளை யாரோ வேடிக்கைக்காகச் செய்து போட்டிருப்பார்கள். அந்த விளையாட்டை ஆடியதாலேயே ஒரு பையன் குடிகாரன் ஆகிவிடுவான் என்றும் நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் 14 குவளை பிடித்த நானும் அந்தக் கணக்கில் வந்துவிடுவேன்.

என் கவலை வேறு. குவளை கூடக் கூட வெற்றி என்று திரை சொல்லும்போது, பையனுக்கு அது ஏன் கொஞ்சமும் விசித்திரமாகத் தெரியவில்லை? ஏனென்றால் வீட்டில் நாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நாம் கொடுக்கும் மார்க்

"மாமா ஒரே மூச்சுல ஒரு போத்தலை முடிச்சிடுவாரு" என்று பிள்ளைகள் முன்னால் சிரித்துக்கொண்டே சொல்வது யார்? கல்யாண வீட்டுக்குப் பின்னால் காலி டின்களைக் கோபுரம்போல அடுக்கி, அதற்குப் பக்கத்தில் நின்று படம் பிடிப்பது யார்? "டேய், பிரிட்ஜிலேருந்து ஒண்ணு எடுத்தா" என்று பத்து வயதுப் பிள்ளையை ஏவுவது யார்? குடிக்காதவனைப் பார்த்து "நீயெல்லாம் ஆம்பளையா?" என்று கேட்பது யார்? துக்க வீட்டில்கூடப் பிணம் எடுப்பதற்கு முன்பே போத்தல் வந்துவிடுகிறதே, அதைக் கேட்பார் உண்டா?

அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். குடிக்காமல் இருப்பதையே கதாநாயகனின் பெருமையாகக் காட்டினார் எம்.ஜி.ஆர். அவரைப் பார்த்துக் கைதட்டிவிட்டு நேராகக் கள்ளுக்கடைக்குப் போனவர்களும் உண்டுதான். ஆனால் கைதட்டலாவது சரியான இடத்தில் விழுந்தது. இன்றைக்குக் கைதட்டலே இடம் மாறிவிட்டது.

உடம்பு எழுதும் கணக்கு

விளையாட்டில் 63 குவளைக்குப் பிறகும் கை நடுங்குவதில்லை. ஆட்டம் முடிந்தால் மறுபடியும் அமுக்கிப் புதிதாகத் தொடங்கலாம். மனித உடம்பில் அந்தப் பொத்தான் கிடையாது.

320 மில்லி பீர் டின் ஒன்றில், 5 விழுக்காடு மது என்றால், ஏறக்குறைய 12 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். குளித்தாலும் காப்பி குடித்தாலும் மோர் குடித்தாலும் அந்த வேகம் கூடாது. இரவு 8 மணிக்கு ஆரம்பித்து 6 டின் குடித்தவருக்கு, விடிகாலை 4 மணியிலிருந்து 7 மணி வரைகூட ரத்தத்தில் சாராயம் இருக்கலாம். அவர் அந்த நிலையிலேயே பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நீண்ட குழாயின் நுனியில் கட்டிய அரிவாளோடு செம்பனை மரத்தடியில் போய் நிற்கிறார். தலைக்கு மேலே இருபது கிலோ குலை! தெளிந்துவிட்டது என்று அவர் நினைக்கிறார். ரத்தம் அப்படி நினைப்பதில்லை.

வேலைக்கு மோட்டாரில் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 அக்டோபர் 23 முதல் சட்டம் கடுமையாகிவிட்டது. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. அறுபது கிலோ எடையுள்ள ஆண் இரண்டு டின்னை வேகமாகக் குடித்தாலே அந்த வரம்பைத் தொட்டுவிடலாம். முதல் தடவை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறையும் உண்டு.

பீர்தானே, சம்சு இல்லையே என்று சமாதானம் சொல்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். பீரோ, கள்ளோ, சம்சுவோ, கல்லீரலுக்குள் போவது ஒரே சாராயம்தான். மது புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988-லேயே அறிவித்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்த அளவு குடித்தால் ஆபத்தே இல்லை என்று சொல்ல ஓர் அளவு கிடையாது என்று 2023-ல் அதே உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 26 லட்சம் பேர் மதுவால் இறந்ததாக அதன் கணக்கு கூறுகிறது. பிள்ளைகளின் மூளையோ இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இளம் வயதில் பழகிய குடி அந்த மூளையில் ஆழமாக வேர் பிடித்துவிடும். நம் நாட்டில் 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக்கூடாது என்று விதி வந்ததற்கு இதுவும் ஒரு நியாயம்.

இன்னொரு கணக்கையும் தாய்மார்கள் போட்டுப் பாருங்கள். டின் விலை கடைக்குக் கடை மாறும். எட்டு வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு மூன்று டின் என்றால் 24 வெள்ளி. மாதத்துக்கு 720 வெள்ளி! குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதற்காக எத்தனை மனு, எத்தனை பேச்சுவார்த்தை! வாங்கியதில் பத்தில் நான்கு பங்கு டின்னாகப் போய்விட்டால், சங்கம் யாருக்காகப் போராடியது?

மலிவு போத்தலின் ஆபத்து

காசு பற்றாதபோது மலிவானதைத் தேடிப் போவது மனித இயல்பு. அங்கேதான் எமன் உட்கார்ந்திருக்கிறான். 2018 செப்டம்பரில், நம் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நச்சுச் சாராயம் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் சில நாட்களுக்குள் இறந்துபோனார்கள். பலர் வயிறு கழுவ வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். வங்காளதேசி, நேப்பாளி, மியன்மார்காரர், நம் இந்தியாக்காரர். அவர்கள் குடித்தது ஏதோ பெயரில்லாத சரக்கல்ல. விஸ்கி, பீர் என்று ஒழுங்காகச் சீட்டு ஒட்டிய சரக்கு. உள்ளே இருந்தது மெத்தனால் என்ற விஷம்.

மெத்தனால் குடித்தவருக்கு முதலில் சாதாரண போதைபோலத்தான் இருக்கும். பல மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒரு நாள் கழித்தும், வயிற்று வலி, வாந்தி, தலைச்சுற்றல் வரும். மூச்சு வாங்கும். கண் மங்கிப் பனிமூட்டத்தில் பார்ப்பதுபோல இருக்கும். "போதை தெளியட்டும், தூங்கினா சரியாப் போயிடும்" என்று படுக்க வைத்துவிடாதீர்கள்! அந்தத் தூக்கத்திலிருந்து எழாதவர்கள் உண்டு. பிழைத்தாலும் கண் போய்விடலாம். உடனே தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ, கோலகுபு பாருவுக்கோ, எது பக்கமோ அங்கே கொண்டுபோங்கள். குடித்த போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதே போத்தலில் குடித்த மற்றவர்களையும் நன்றாக இருந்தாலும் அழைத்துக்கொண்டு போங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்கி எறியச் சொல்லமாட்டேன். பிடுங்கினால் அடுத்த வீட்டில் போய் ஆடுவான். பக்கத்தில் உட்காருங்கள். "எத்தனை புடிச்சே?" என்று கேளுங்கள். பிறகு "இதையெல்லாம் ஒருத்தரு நெசமாவே குடிச்சா என்னப்பா ஆகும்?" என்று ஒரு கேள்வி போடுங்கள். மிச்சத்தை அவனே யோசிப்பான். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடக் கெட்டிக்காரர்கள். அதே மாதிரி பந்து பிடிக்கிற, பழம் பிடிக்கிற விளையாட்டு எத்தனையோ இருக்கிறது. தேடிக் கொடுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை அனுப்பிக் குடிக்க வாங்காதீர்கள். குடித்த அளவைப் பெருமையாகப் பேசாதீர்கள். பேசுகிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சிரிப்புதான் அவருக்குக் கிடைக்கும் மார்க். ஒரு மாதத்துக்கு மட்டும் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில், குடித்த நாளையும் டின்னையும் வெள்ளியையும் எழுதிப் பாருங்கள். பழைய கரிக்கோடுதான், ஆனால் இந்தத் தடவை கடைக்காரன் போடாமல் நாமே போட்டுக்கொள்கிறோம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பல வருஷமாக நாள்தோறும் குடித்துக்கொண்டிருப்பவர், வீராப்பாக ஒரே நாளில் தனியாக நிறுத்திவிடக்கூடாது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து பிதற்றவும் கூடும். உயிருக்கே ஆபத்து. நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மருந்து உண்டு. குடி ஒரு நோய். நோய்க்கு வைத்தியம் பார்ப்பதில் வெட்கம் எதற்கு? வீட்டார் திட்டுவதைவிட, கூடவே கிளினிக் வரைக்கும் போய் வருவது பெரிய உதவி.

மறுபடியும் அந்த 1984-ஆம் வருஷத்துப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். பீரை எடுத்தார்கள், விளையாட்டு கெடவில்லை. நம் கல்யாணத்திலிருந்து பீரை எடுத்துவிட்டால் மேளம் ஊமையாகிவிடுமா? தீபாவளியிலிருந்து எடுத்துவிட்டால் முறுக்கு கசக்குமா? கூட்டாளிகள் கூடி உட்கார்ந்து பேசும் இன்பம் அந்த டின்னுக்குள்ளா அடைபட்டிருக்கிறது? அது நம்மிடம்தான் இருக்கிறது. பீர் அங்கேயும் ஓசியில் ஒட்டிக்கொண்டு வந்த சாமான்தான்.

அன்று நான் கிளம்பும்போது, பேரன் தாத்தாவிடம் ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, ஒங்க அப்பாவோட கோடு மொத்தம் எத்தனை இருக்கும்?"

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எண்ணலைப்பா. அவரு நாப்பத்தி நாலு வயசுல போயிட்டாரு. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

பையன் ஒன்றும் பேசவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தோழர்களே, உங்கள் வீட்டுச் சுவரில் எத்தனை கோடு இருக்கிறது? இன்றைக்கே எண்ணுங்கள். பிள்ளைகள் எண்ணுவதற்கு முன்னால் எண்ணிவிடுங்கள்.